கோமளாவின் குடை

வருகைப் பதிவில் எங்கள் பெயர்களையெல்லாம் கூப்பிட்டு முடித்ததும், ரெஜினா டீச்சர் "கோமளா" என்று இன்னொரு பெயரையும் கூப்பிடுவார். கோமளா எங்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் படிக்கக் கொடுத்த நாவலில் வருகிறவள். முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் திட்டவுமில்லை. பென்சிலால் ஆப்சென்ட் போட்டுவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார். எங்களுக்குத்தான் என்னவோ போலிருந்தது. பிறகொரு நாள், நாவலைப் படிக்கத் தொடங்கியிருந்த பிரதாப் எழுந்து, "அவ அவளோட அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டா டீச்சர், குடையோட" என்றான்.

"மழையே இல்லையே, குடை எதுக்கு?" என்றார் டீச்சர். அன்று சாப்பாட்டு வேளை முழுக்க அந்தக் குடைக்காகச் சண்டை. வெயிலுக்கு என்றான் ஒருவன். சாயங்காலம்தானே கிளம்பினாள் என்றாள் ஒருத்தி. சண்டையில் சேர்ந்துகொள்வதற்காகவே நானும் படிக்க ஆரம்பித்தேன்.

கடைசி அத்தியாயத்தில் கோமளா செத்துப்போகிறாள். அதை எல்லோரும் படித்து முடித்த மறுநாளும் டீச்சர் அவள் பெயரைக் கூப்பிட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். டீச்சரின் பென்சில் அப்படியே நின்றது. வகுப்பில் எப்போதும் பேசாத நஸ்ரின் எழுந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"முதல் பக்கத்துல இருக்கா டீச்சர். மறுபடி படிக்க ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள். "அந்தக் குடை அங்கேயே கதவுக்குப் பின்னால தொங்குது. நாம யாருமே பாக்கல."

டீச்சர் பென்சிலை வைத்துவிட்டு, அவசரமாகத் தன் புத்தகத்தைத் திறந்தார்.