கோணல் குதிரை

அவன் கால் மறுபடியும் ஆடத் தொடங்கிவிட்டது.

தொடையை அழுத்திப் பிடித்தான். நின்றது. கையை எடுத்தான். ஆடியது. சனியன், சொன்ன பேச்சு கேட்டால்தானே.

மின்விசிறி போடக்கூடாதாம். ஆவணக் காப்பகத்தின் வாசிப்புக்கூடம் இது. சுவரோரம் நீள மேசைகளில், ஒட்டுப்போட்ட பழைய தாள்களைக் காயவைத்திருக்கிறார்கள். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் கிடைக்கவில்லை என்று சதுரங்கப் போட்டியை இங்கே கொண்டுவந்து வைத்த புண்ணியவான் யாரோ. பேனாவைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மை சிந்திவிடுமாம். ஆளுக்கொரு பென்சில் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள்.

கடைசிச் சுற்று.

ஜெயிக்கக்கூட வேண்டாம். டிரா போதும். டிரா என்றால் மாநில அணி. மாநில அணி என்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி.

இல்லையென்றால் மாமனாரின் டைல்ஸ் கடை. "ஞாயித்துக்கிழமை முடிவு தெரிஞ்சிடும்ல? திங்கக்கிழமையே வந்துடுங்க மாப்ள" என்று சொல்லியிருந்தார். நல்ல மனுஷன்தான். கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வியாபாரம் உண்டு. சதுரங்கப் பலகையைப் பரணில் போட்டுவிட வேண்டியதுதான்.



எதிரே மங்கையர்க்கரசி. இந்தக் காப்பகத்திலேயே வேலை பார்ப்பவர். கிழிந்த தாள்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுகிற பிரிவு. ஐம்பதை ஒட்டிய வயது. சும்மா சொல்லக்கூடாது, ஆட்டத்தில் படு கெட்டி. ராணியையும் மந்திரியையும் அவன் ராஜாவின் வாசலிலேயே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்.

ஆனால் ஒன்றை அவன் கவனித்திருந்தான்.

அவருக்குக் கோணல் ஆகாது.

வந்து உட்கார்ந்ததும் பலகையை மேசை விளிம்புக்கு நேராக்கினார். பிறகு கடிகாரத்தை. அவனுடைய பென்சில் சாய்ந்து கிடந்தது. அதையும், அவனைக் கேட்காமலே, நேராக்கி வைத்தார். தொழில் புத்தி. கை தானாகப் போகிறது. தன் காய்களைத் திருத்தும்போது மட்டும் "அட்ஜஸ்ட்" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் தொட்டது கணக்கில்லை. சொல்லாமல் தொட்டால் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் வெட்டியே ஆகவேண்டும்.

ஒரு தடவை சொல்ல மறந்தால் போதும்.

அவன் குதிரையை எடுத்தான். ராஜாவுக்குக் காவலாக நிறுத்தினான். வேறு வழியும் இல்லை.

ஆனால் கோணலாக நிறுத்தினான். பாதி கட்டத்துக்குள், பாதி கோட்டின் மேல். முகம் சுவரைப் பார்க்க.

அவர் அதைத் தொட்டால் ராணியால் வெட்டவேண்டும். வெட்டினால் அவன் சிப்பாய் ராணியை எடுத்துவிடும்.

கடிகாரத்தை அழுத்தினான். அசிங்கமாகத்தான் இருந்தது. போகட்டும்.

அவர் பார்த்துவிட்டார்.

கை எழுந்தது. குதிரைக்கு நேர் மேலே வந்தது.

தொடு. தொட்டுத் தொலை, தாயே.

விரல்கள் அந்தரத்தில் நின்றன. மடங்கின. கையை இழுத்து மடியில் வைத்து, இன்னொரு கையால் பொத்திக்கொண்டார்.

கண் மட்டும் குதிரையை விட்டு வரவில்லை. நாற்காலியில் நெளிந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். வெகுநேரம் கழித்து, யோசனை எங்கோ இருக்க, ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார்.

அப்பாடா.

இனி அவன் யானையை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். டிரா கைக்குள் வந்தாயிற்று.

யானை. யானையை எடு.

ஆனால் அந்தக் குதிரை கண்ணை உறுத்தியது. அவனே வைத்த கோணல்தான். இத்தனை நேரம் அவரையே பார்த்துப் பார்த்து அந்த அரிப்பு இவனுக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. கூடத்தில் அடுக்குகள் நேராக இருந்தன. காய்கிற தாள்களும் நேராக இருந்தன. இது ஒன்று மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. கால் படபடவென்று ஆடியது.

எடுக்க வேண்டியது யானையை. கை போனது குதிரைக்கு.

இரண்டு விரலால் பிடித்துத் திருப்பி, கட்டத்தின் நடுவில் வைத்த பிறகுதான் உறைத்தது.

அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

அடப் பாவி.

குதிரை நகர்ந்தால் காவல் போச்சு. அதற்குப் பிறகு செக்மேட்டைத் தடுக்க ஆள் இல்லை.

நடுவர் வேறு மேசையில் குனிந்திருந்தார். அவர் பார்க்கவில்லை. பார்த்தது ஒருவர்தான்.

மங்கையர்க்கரசி குதிரையைப் பார்த்தார். நேராக நிற்கிற குதிரை. அவர் தோள்கள் தளர்ந்தன. பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"அட்ஜஸ்ட்தானே தம்பி?" என்றார் தாழ்ந்த குரலில். "உங்க காயை நான் தொடறது முறையில்ல. கொஞ்சம் நேரா வச்சுக்கறீங்களான்னு நானே கேக்கலாம்னு இருந்தேன். ரொம்ப தேங்க்ஸ்."

ஆமாம் என்றால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும்.

கால் ஆடுவது எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இல்லக்கா," என்றான். "தொட்டுட்டேன்."

குதிரையை எடுத்தான். போகக்கூடிய கட்டங்களில் ஒன்றில், நடுவில், நேராக வைத்தான்.

நாளைக்குத் திங்கட்கிழமை.