தோரா வீட்டுத் துணிக்கொடி

"சோம்பேறிங்களுக்குன்னே செஞ்ச மிஷின் அது. வேலை முடிஞ்சா பாட்டு வேற பாடுமாம். அதை வெச்சிருக்கறவளை நம்பி சர்ச் சமையலை எப்படி ஒப்படைக்கிறது?"

காபியை ஊற்றிக்கொண்டே கேட்டாள் தோரா. சர்ச் மாதர் சங்கத்தின் தலைவி. கேள்வி சங்கத்தைச் சேர்ந்த இங்காவுக்கு, குத்தல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்னாவுக்கு.

ஊரே வந்து சாப்பிடும் சர்ச் விருந்துக்குச் சமையல் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பது வெர்னாவின் நீண்ட நாள் ஆசை. இந்த வருஷம் கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் கணவன், கேஸில் ஓடும் துணி உலர்த்தும் மிஷினை வாங்கி நிலவறையில் இறக்கினான்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் திங்கட்கிழமை துவைக்கிற நாள். யார் வீட்டுத் துணி முதலில் கொடியேறுகிறது என்பதில்தான் பெண்களின் மானமே இருந்தது. எலும்பைத் துளைக்கும் ஜனவரிக் குளிரிலும் தோரா வீட்டுக் கொடிதான் முந்தும். இன்றும் அவள் வீட்டுப் படுக்கை விரிப்புகள் ஜன்னலுக்கு வெளியே காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

"பாரு இங்கா, விடியறதுக்குள்ள காயப்போட்டாச்சு."

"உங்களால முடியுதுக்கா. எங்க வீட்டுக்காரர் பேன்ட் கொடியில போட்ட உடனே உறைஞ்சு போச்சு. பலகை மாதிரி தூக்கிட்டு வந்து அடுப்புக்கிட்ட நிக்க வெச்சிருக்கேன். யாரோ வேத்தாள்னு நினைச்சு நாய் குலைச்சுக்கிட்டே இருக்கு."

தோரா சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரி, முடிச்சுக்கலாம். சமையல் பொறுப்பு இந்த வருஷமும் என்கிட்டயே இருக்கட்டும்."

"இன்னும் கொஞ்சம் காபி கிடைக்குமாக்கா?" என்றாள் வெர்னா.

தட்டில் ஒரே ஒரு துண்டு கேக் மிச்சமிருந்தது. கடைசித் துண்டை முழுசாக எடுத்துக்கொள்வது அந்த ஊரில் அநாகரிகம். வெர்னா அதில் பாதியை வெட்டி எடுத்தாள். மிஞ்சியதில் பாதியை இங்கா எடுத்தாள். அதிலும் மிஞ்சியதில் பாதியை மறுபடி வெர்னா. தட்டு காலியாகாமல் விருந்தாளியை எழுப்பி அனுப்பவும் முடியாது. தோராவின் கால் மேஜைக்கடியில் தாளம் போட்டது.

"அதுவும் என்ன கண்றாவி மிஷினோ," என்று எரிச்சலோடு ஆரம்பித்தாள். "சில்லுன்னு இருக்கிற தரையில மண்டி போட்டு, தீக்குச்சியைக் கிழிச்சு உள்ளே நீட்டணும். பட்டனை அழுத்திக்கிட்டே கிடக்கணும். அவசரப்பட்டுக் கையை எடுத்தா அணைஞ்சு தொலையும். மண்டி போடறதுன்னா சர்ச்சுல போடணும்டி."

"பக்கத்துல இருந்து பார்த்த மாதிரியே சொல்றீங்களேக்கா."

"நாலு பேர் சொல்லக் கேள்வி." தோரா சட்டென்று எழுந்தாள். "எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு. கிளம்புங்க ரெண்டு பேரும்."

"இருங்கக்கா, கேக் மிச்சம் இருக்கு பாருங்க." வெர்னா நிதானமாகக் கத்தியை எடுத்து, இருந்த துணுக்கையும் இரண்டாக்கினாள்.

அப்போது தோராவின் காலடியில், நிலவறைக்குள்ளிருந்து, கிணிங் கிணிங்கென்று ஒரு மெட்டு கிளம்பியது. சுருதி பிசகாமல் முழுப் பாட்டையும் வாசித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

"கீழே யாருக்கா?" என்றாள் இங்கா.

வெர்னா ஜன்னலைக் காட்டினாள்.

"ஈரத்துணியா இருந்தா உன் வீட்டுக்காரர் பேன்ட் மாதிரி விறைச்சுல்ல நிக்கணும் இங்கா? காத்துல ஆடுது பாரு, அது மிஷின்ல காஞ்ச முதல் ஈடு. ரெண்டாவது ஈடு இப்பத்தான் காஞ்சிருக்கு."

சொல்லிவிட்டு, விருந்துச் சமையலின் புதுப் பொறுப்பாளர் வெர்னா தட்டில் மிச்சமிருந்த கேக்கை மொத்தமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.