புத்தர் காலடியில் ஒரு சட்டை

யார் கையும் காலும் பட்டுவிடக் கூடாதென்று புருஷனின் நீலச் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, திண்டிவனம் டவுன் பஸ்ஸின் கூட்டத்துக்குள் முண்டியடித்து ஏறினாள் இருதயசெல்வி. பார்த்ததுமே நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள் பொன்னி. மார்க்கெட்டில் மல்லாட்டைக் கடலையைப் போட்டுவிட்டுக் காலிச் சாக்கோடு ஊர் திரும்புகிறவள் அவள்.

"யாரு சட்டம்மா இது? ரத்தமாட்டம் கீது?"

"வூட்டுக்காரரோடதுக்கா. வண்டியில இருந்து விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடக்கறாரு."

"டாக்டரு இன்னா சொல்றாரு?"

"எங்க கையில ஒண்ணும் இல்ல, இனிமே கடவுள் விட்ட வழின்னுட்டாரு."

"அய்யோ" என்று வாயில் கை வைத்தாள் பொன்னி. இருதயசெல்வி அழவில்லை. எப்போதோ அழுது தீர்த்துவிட்ட முகம் அது. நம்பிக்கை என்று சொல்ல அதில் ஒரு துளிகூட இல்லை. அவர் பிழைப்பாரா மாட்டாரா என்ற ஒரே கேள்விதான், அவர் விழுந்த நாளிலிருந்து அவள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது.

சட்டையைக் கொடுத்தனுப்பியது மாமியார் ஆரோக்கியசெல்வி. சாகக் கிடப்பவனின் சட்டையைச் சாமி காலடியில் வைத்து, பெண்டாட்டி தன் வாயால் உயிர்ப்பிச்சை கேட்டு, அதைக் கொண்டுவந்து அவன் மேல் போர்த்தினால் போகிற உயிரும் திரும்பிவிடும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. "எந்த சாமியா இருந்தாலும் சரி, நீ கேட்டே ஆவணும்" என்று மருமகளின் கையை பைபிள் மேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள் கிழவி. இருதயசெல்விக்கோ பொய் சொல்ல வராது.

"எந்த கோயிலுக்குப் போய்க்கினு கீற?" என்றாள் பொன்னி.

"புத்தர்மேட்டுக்குக்கா. அந்தக் காலத்து புத்தர் கோயிலு இருக்குதே, அங்க."

பொன்னிக்குச் சிரிப்பதா, பரிதாபப்படுவதா என்று தெரியவில்லை. "அதுவா? எங்க ஊருக்கு அடுத்த ஸ்டாப்பிங்குதான். தகர ஷீட்டுக்குக் கீழ கண்ண மூடிக்கினு குந்திக்கினு கீறாரு. ஒரு பூச கெடையாது, உண்டியலு கெடையாது. அவுருகிட்ட போவச் சொல்லி யாரு உனுக்குச் சொன்னது?"

"எங்க தெரு பசங்க வருசா வருசம் வந்துட்டுப் போவாங்க. அவங்க பேசிக்கினு இருந்தாங்க."

"பசங்க பேச்சக் கேட்டுக்கினு நீ வேற! நீங்க வேதக்காரங்கதான? மாதா கோயிலுக்குப் போறது!"

"போன வருசமும் இப்படித்தான் குடிச்சிட்டு விழுந்தாரு. மாதா முன்னால முட்டிபோட்டு அழுதேன். பத்தே நாள்ல எழுந்து வூட்டுக்கு வந்துட்டாரு."

"பாத்தியா! கேட்ட ஒடனே குடுத்துட்டாங்க. அங்கயே மறுபடி போவ வேண்டியதுதான?"

இருதயசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய இடது மணிக்கட்டு, முறிந்து சரியாகச் சேராமல் கோணிக் கிடந்தது.

"கை இன்னாச்சி? வண்டியில நீயும் போனியா?"

"இல்லக்கா. இது அவரு எழுந்து வந்த அப்புறம்."

அதெல்லாம் பொன்னியின் காதில் ஏறவில்லை. தன் ஊர் வரும்வரை சக்தியுள்ள சாமிகளாகப் பார்த்துச் சிபாரிசு செய்துகொண்டே வந்தாள். இறங்கிய பிறகும் ஜன்னலைத் தட்டி, "அங்காளம்மாவ மறந்துடாத!" என்று கத்தினாள்.

அடுத்த நிறுத்தத்தில் இருதயசெல்வி மட்டும்தான் இறங்கினாள். கரும்புக் கொல்லை ஓரமாக, கொளுத்துகிற வெயிலில் நடந்தாள். பாதி வழியில் செல்போன் அடித்தது. மாமியார்தான்.

"செல்வி, எம் புள்ளைக்கு வெரலு அசையுதுன்னு நர்ஸம்மா சொல்லுதுடி! கேட்டியா, இல்லியா?"

"இன்னும் இல்ல அத்த."

"ஜல்தியா போயி கேளுடி! பொழச்சிக்குவான்!"

போனை வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பொன்னி சொன்னது போலத்தான் இருந்தது. இடிந்த செங்கல் மேடை, அதன் மேல் தகரக் கொட்டகை, நடுவில் கருங்கல்லில் புத்தர். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வெங்கடாசலம் சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். இருதயசெல்வி சட்டையைப் புத்தர் காலடியில் விரித்தாள். முழங்காலில் நின்று, கைகூப்பி, வாய்விட்டே கேட்டாள்.

"சாமி, எம் புருசன பொழைக்க வையி."

வெங்கடாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அருகில் வந்தார்.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. இவரு வரம் குடுக்கிற சாமி இல்ல. ஆசையே படாதன்னு சொன்னவரு. நானும் இத்தினி வருசமா பாக்கறேன், இங்க வந்து கேட்டு ஒருத்தருக்கும் ஒண்ணும் நடந்ததில்ல. பாவம், இந்த வெயில்ல இவ்ளோ தூரம் வந்துட்டியே. தெரிஞ்சவங்க யாரும் உனுக்கு எடுத்துச் சொல்லலியா?"

இருதயசெல்வி கண்ணைத் திறந்தாள். சட்டையை எடுத்து, கோணல் கையால் நிதானமாக மடித்தாள்.

"சொன்னாங்கண்ணா. அதான் இவருகிட்ட வந்தேன்."