குடைப் பரீட்சை

மலை ஏறிப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்காகக் குதிரை தேர்ந்தெடுக்கும் நாள் அது. தேறாத குதிரை செங்கல் சூளை வண்டிக்குப் போகும். மின்னி என்ற குதிரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளம்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் சும்மாதான் நில்லேன்!" என்று எரிந்து விழுந்தது பக்கத்தில் கட்டியிருந்த சாம்பல் குதிரை.

வழிகாட்டி ரூபன் வந்து, மின்னியின் மூக்கருகே படாரென்று குடையை விரித்தார். மின்னி கயிற்றையே அறுக்கப் பார்த்தது. அடுத்து சாம்பலிடம் விரித்தார். அது காதைக்கூட அசைக்கவில்லை.

"இதான் சாது. பச்சப்புள்ளையக்கூட நம்பி ஏத்தலாம்," என்று தட்டிக்கொடுத்துவிட்டுச் சேணம் எடுக்கப் போனார்.

"உனக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டது மின்னி.

"குடை விரிந்ததிலிருந்து மனசுக்குள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கிறேன்," என்றது சாம்பல், அசையாமல். "இந்தக் கால்கள்தான் என்றைக்கோ என் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டன."

மின்னிக்கு அப்படியொரு பயம் அதுவரை வந்ததில்லை. தூக்கிய குளம்பு தூக்கியபடியே நின்றுவிட்டது.

சேணத்தோடு திரும்பிய ரூபன், மின்னியின் முகத்தருகே மறுபடி குடையை விரித்துப் பார்த்தார்.

"அட, இதுவும் சாதுவாயிடுச்சே!" என்று இன்னொரு சேணம் எடுக்கப் போனார்.