பயப்படாதவள்

கேமரா வாங்கியதிலிருந்து மஹ்விஷ் மந்தைவெளித் தெருக்களில் கதவுகளையும் கோலங்களையும் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவர்களின் முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்க அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை. அன்று காலை, என்ன ஆனாலும் ஒருவரையாவது கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

மார்க்கெட் முனையில் கீரை விற்கும் செண்பகத்தின் முன் போய் நின்றாள்.

"அக்கா, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ. நேத்து எடுத்தது நல்லா வந்துச்சா?"

"நேத்து நான் இந்தப் பக்கமே வரலையே."

"இன்னா இப்டி சொல்ற? தெனம் வந்து எடுத்துக்கினு கீற. மதியைக் கேளு."

பக்கத்தில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த மதிவாணனும் ஆமாம் என்று தலையாட்டினான். இருவரும் சேர்ந்து கிண்டல் செய்கிறார்களோ என்று மஹ்விஷுக்குச் சந்தேகம். ஆனால் அவர்கள் முகத்தில் விளையாட்டு இல்லை. தன் ஜாடையில் யாராவது திரிகிறாளா என்று தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குள் செண்பகம் அவளை உற்றுப் பார்த்துவிட்டாள். "நீ அவ இல்ல. அவ இப்டி பயப்பட மாட்டா."

அந்தப் பேச்சு மஹ்விஷைச் சுட்டது. கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். செண்பகம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அழகாகச் சிரித்தாள். பார்வை மட்டும் மஹ்விஷின் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது.

"என்னைப் பாருங்கக்கா."

"கொஞ்சம் இரும்மா," என்றாள் செண்பகம், சிரிப்பு மாறாமல். "அவ எடுத்து முடிக்கட்டும்."

மஹ்விஷின் காதோரம் ஷட்டர் சத்தம் கேட்டது. அவள் விரல் இன்னும் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை.