நின்றுபோகும் இடம்

"வண்டி நிக்கவே மாட்டேங்குதும்மா."

மெக்கானிக் பெண் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "பிரேக் பிடிக்கலையா சார்?"

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் பிடிக்குது. எஞ்சின்தான் நிக்க மாட்டேங்குது."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்தாலே எஞ்சின் அணைந்துவிடுகிறது என்று இந்த ஒரு மாதத்தில் மூன்று முறை அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர். மூன்று முறையும் அவள் கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்தாள், பிளக்கைத் தேய்த்துப் பொருத்தினாள், "ஓட்டிப் பாருங்க சார்" என்று சாவியைக் கொடுத்தாள். மூன்று முறையும் மறுநாளே வண்டி நின்றது.

அவர் அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துபவர். அச்சகத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. அதனால்தான் ஐம்பத்தாறு வயதில் வண்டி பழகினார். பழகுகிறவர்கள் ஓட்டும் சின்ன மோட்டார் சைக்கிள், இரண்டு கை மாறி அவரிடம் வந்தது.

"இடையில யாராவது கை வச்சாங்களா சார்?"

"எங்க அச்சகத்து வேன் டிரைவர். 'ஐட்லிங் ரொம்பக் கம்மியா இருக்கு, அதான் நிக்குது'ன்னு நேத்து ஒரு ஸ்க்ரூவை அரைச் சுத்து திருகினார். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. கோவிச்சுக்காதீங்க, நீங்க மூணு தடவை பார்த்தும்..."

"கோவிக்க என்ன சார் இருக்கு. சரியானா சந்தோஷந்தானே."

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"அதைத் திரும்பப் பழைய மாதிரியே ஆக்கிக் கொடுங்க."

"எதுக்கு சார்? ரோட்டுல நின்னா ஆபத்தில்லையா?"

"நான் போற வழி முழுக்க நேர் ரோடு. ஒரே ஒரு ஸ்பீடு பிரேக்கர். ஓரமா ஒதுங்கி, அதுல ஏறி இறங்குறப்பதான் நிக்கும்." அவர் கொஞ்சம் தயங்கினார். "அதுக்கு நேரா, இங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல, ஒரு தையல் கடை இருக்கு. என் பொண்ணோட கடை."

மெக்கானிக் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவரே சொன்னார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, கடைசி வருடப் படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷின் போடப் போகிறேன் என்று மகள் வந்து நின்றாள். அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். எந்த வரியையும் இரண்டு முறை படிக்காமல் அச்சுக்கு அனுப்பாதவர், அதை மட்டும் யோசிக்காமல் வாயைவிட்டு அனுப்பிவிட்டார். அன்றைக்கே அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனாள். அப்புறம் இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

"முதல் நாள் வண்டி நின்னப்ப உதைச்சு உதைச்சுக் கால் ஓய்ஞ்சுபோச்சு. அவ உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தா. 'சோக்கை இழுத்துட்டு உதைங்கப்பா'ன்னா. அவ்வளவுதான். அடுத்த தடவை ஒரு சொம்புத் தண்ணி கொடுத்தா. போன வாரம், 'பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு'ன்னு கேட்டா. பத்து நிமிஷம் பேசிக்கிட்டு நின்னோம்."

"இன்னைக்கு?"

"இன்னைக்குக் காலையில வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. வண்டி நிக்கலை. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை, அப்படியே போயிட்டேன். கண்ணாடியில பார்த்தேன். கண்ணுக்கு மறையுற வரைக்கும் அதே இடத்துல நின்னா."

"நீங்களே நிறுத்தியிருக்கலாமே சார்."

"நிறுத்தி?" அவர் ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றினார். "வண்டியா நின்னா, பழி வண்டி மேல. நானா நிறுத்தினா, எதுக்கு நிறுத்தினேன்னு நான் சொல்லியாகணும். அதுக்கான வார்த்தை எனக்கு இன்னும் வாயில வரலைம்மா."

மெக்கானிக் எழுந்து வண்டியைக் கிளப்பினாள். குனிந்து, கார்பரேட்டரின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்து இடப்பக்கமாக மெல்லத் திருகினாள். எஞ்சினின் சத்தம் இறங்கியது, இருமியது, இரண்டு முறை குலுங்கி அடங்கியது.

"இது போதுமா சார்?"

"போதும்." அவர் எழுந்து சாவியை வாங்கிக்கொண்டார். அவருக்குக் கூச்சமாக இருந்தது. "தப்பா நினைக்காதீங்க. டிரைவருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலைன்னு குத்திக்காட்ட வரலை."

"எனக்கு முதல் நாளே தெரியும் சார்." அவள் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வண்டியை விட்டுட்டு அந்தப் பக்கம் போனீங்க, கழுத்துல கிடந்த இஞ்ச் டேப்பைக்கூட எடுக்காம ஒரு பொண்ணு ஓடி வந்து, 'அக்கா, எங்க அப்பா வண்டியை முழுசாச் சரி பண்ணிடாதீங்க'ன்னு கையைப் பிடிச்சுக்கிச்சு."