முப்பது நாள் மாம்பழம்

தான் ஒரு பிறவி எத்தன் என்பதில் கிறிசாந்தோவுக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் பிலிப்பைன்ஸின் கிமாராஸ் தீவே அவனோடு ஒத்துப்போனது.

தீவில் மற்றவர்களெல்லாம் மாமரத்தில் ஏறி, பூச்சி துளைக்காதபடி பிஞ்சு பிஞ்சாகக் காகிதப் பை கட்டி முதுகு ஒடிந்துகொண்டிருந்தார்கள். இவனோ அடுப்படியில் உட்கார்ந்து மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினான். கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயை ஊற்றினான். தேன் எடுத்த பிறகு எறியக் கிடந்த மெழுகையும் போட்டுக் கிண்டினான். சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக மாம்பழ ஏற்றுமதியாளர் எவரிஸ்தோவின் கிடங்குக்குப் போய்விட்டான்.

"இதைப் பூசிட்டா முப்பது நாளானாலும் மாம்பழம் கெடாது பாஸ். கழுவக்கூட வேணாம், அப்படியே கடிச்சுத் தின்னலாம்."

எவரிஸ்தோவின் சரக்கில் பாதி கப்பலிலேயே அழுகிப்போய், கொரியாக்காரர்கள் திட்டித் திட்டிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் அவர் லேசில் ஏமாறுகிறவர் இல்லை. பூசையில் பாதிரியார் ஆமென் சொன்னாலும் ஏன் என்று கேட்கிற ஆசாமி.

"சோதிச்சுப் பார்ப்போம். முப்பதாம் நாள் பழம் பழமா இருந்தா மூணு லட்சம் பெசோ. அழுகியிருந்தா ஜெயில். இங்க இன்ஸ்பெக்டர் என் மச்சான். தெரியும்ல தம்பி?"

"அழுகினா என் மூக்கை அறுத்துக்குங்க பாஸ்!"

"உன் மூக்கை வெச்சு நான் என்ன பண்றது? கொரியாவுக்கா அனுப்ப முடியும்?"

கிடங்கில் போட்டிக்காரர்களின் ஒற்றர்கள் இருப்பார்கள், ரகசியம் போய்விடும் என்று பயமுறுத்தி, சோதனையைத் தன் வீட்டிலேயே வைக்கச் சம்மதிக்க வைத்தான் கிறிசாந்தோ. எவரிஸ்தோ பன்னிரண்டு மாம்பழங்களைக் கொண்டுவந்து, கஞ்சி பூசி, தன் கையாலேயே அறையில் அடுக்கினார். தன்னுடைய பூட்டைப் போட்டார். சாவியைக் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். அதுவும் போதாமல், முப்பது நாளும் காலையிலிருந்து இருட்டும்வரை கிறிசாந்தோ தன் கண்முன்னே கிடங்கில் பெட்டி தூக்க வேண்டும் என்றார்.

பூட்டைப் பார்த்தவர் தரையைப் பார்க்கவில்லை. கால் ஊன்றி உயர்த்திக் கட்டிய மூங்கில் வீடு அது. அறையின் தரையும் மூங்கில் பிளாச்சுதான். அடியில் பன்றிக் கொட்டில். இரண்டு பிளாச்சை நகர்த்தினால் கை தாராளமாக உள்ளே போகும்.

"நாலு நாளைக்கு ஒருதடவை நம்ம மரத்துல பழுத்து வர்ற மாங்காயா பன்னெண்டு பறி. கஞ்சியைப் பூசு. பழசை எடுத்துட்டு இதை வெச்சுடு" என்று மனைவி நெனிதாவிடம் சொன்னான்.

"பன்னி நடுவுல நிக்க நான்தான் கிடைச்சேனா?"

"என்னை அந்த ஆளு மூத்திரம் பேயக்கூடத் தனியா விட மாட்டேங்கறான். ராத்திரி விளக்கோட கொட்டிலுக்குள்ள போனா ஊரே பாக்கும். என்ன பண்ணச் சொல்ற?"

நான்காம் நாள் இரவு, பெட்டி தூக்கித் தூக்கித் தோள் வீங்கி வந்தவன், "மாத்திட்டியா?" என்று கேட்டான்.

"ம்" என்றாள் நெனிதா.

எட்டாம் நாளும் "ம்". பன்னிரண்டாம் நாளும் அதே. அவள் ஒரு "ம்" சொல்லும்வரை அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயில் கம்பி கனவில் வந்தது.

முப்பதாம் நாள் எவரிஸ்தோ பூட்டைத் திறந்தார். ஒவ்வொரு பழமாக முகர்ந்தார், அமுக்கினார். ஒன்றை எடுத்துத் தோலோடு கடித்தார். அவர் மென்று முடிப்பதற்குள் கிறிசாந்தோவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அடேயப்பா, நேத்துப் பறிச்ச மாதிரியே இருக்கே!"

நேற்று இல்லை, முந்தாநாள் என்று கிறிசாந்தோ மனதுக்குள் திருத்தினான்.

எவரிஸ்தோ மூன்று லட்சம் பெசோவை எண்ணி வைத்து, வக்கீலை வைத்து ஒப்பந்தம் எழுதினார். செய்முறையும் உரிமையும் அவருக்கே. இனிமேல் கிறிசாந்தோ இந்தக் கஞ்சியைக் காய்ச்சவும் கூடாது, யாருக்கும் விற்கவும் கூடாது. சிரிப்பு வெடித்துவிடாமல் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு, ஐந்து பக்கத்திலும் பூப்போட்டுக் கையெழுத்துப் போட்டான். அந்த மனிதரைப் பார்க்க அவனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அன்று மாலையே புருஷனும் பெண்டாட்டியும் தீவை விட்டு மோட்டார் படகில் ஏறிவிட்டார்கள். கரை மறைந்ததும் கிறிசாந்தோவுக்குத் தலைகால் புரியவில்லை.

"கப்பல் கப்பலாக் கஞ்சி பூசி அனுப்பப்போறான் பாரு! அங்க பெட்டியைத் தொறந்தா ஈதான் வரவேற்கும்! என்னை மாதிரி மூளைக்காரன் இந்தத் தீவுல பொறந்திருக்கானா?"

நெனிதா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள்.

"என்ன, கடல் ஒத்துக்கலையா?"

"கடல் இல்ல கிறிஸ். எனக்கு ரெண்டு மாசம்."

அவன் வாயைப் பிளந்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் கட்டியது. "ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?"

"சொன்னா நீ வேற யாரையாவது கொட்டிலுக்கு அனுப்பிடுவ. அப்புறம் மாங்கா கிடைக்காது." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மசக்கை, கிறிஸ். பறிச்சதை மாத்தாம, இறால் விழுதைத் தொட்டுக்கிட்டு நானே தின்னுட்டேன். ஒவ்வொரு தடவையும்."

கிறிசாந்தோவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப அறையில எதைடி வெச்ச?"

"எதுக்கு வெக்கணும்? அவர் மொத நாள் அடுக்கின பழந்தான் கடைசிவரைக்கும் கெடவே இல்லையே!"